சபையில் கூடப் பாடுகிறவர் ஜாமீன் கையெழுத்து கேட்கிறார்: போடலாமா?

கேள்வி: வாசகி ஒருவர், 2025 மே 30

அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கோயிலில் என்னோடு கொயரில் பாடுகிற அக்கா ஒருவர் ஏலச்சீட்டு எடுத்திருக்கிறார். பணத்தைக் கையில் கொடுக்க வேண்டுமானால் சம்பளச் சான்றிதழோடு ஒரு ஜாமீன்தாரர் வரவேண்டும் என்று சீட்டு கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நாலு பேர் முன்னால் கேட்டார். “யோசித்துச் சொல்கிறேன் அக்கா” என்று வந்துவிட்டேன். பிணைப்படாதே என்கிறது நீதிமொழிகள். கடன் கேட்கிறவனுக்கு முகங்கோணாதே என்கிறார் இயேசு. “சபையாருக்கே இல்லை என்றால் யாருக்குச் செய்யப்போகிறோம்?” என்கிறார் என் வீட்டுக்காரர். வேதத்தின்படி எது சரி?

மே 31, காலை

கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. அந்த அக்காவுக்கு உதவி செய்யுங்கள். இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ஜாமீன் பத்திரத்தை நீட்டுகிற மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பல வருடம் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 5 லட்ச ரூபாய் சீட்டு, 25 மாதம், மாதம் 20,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த அக்கா 5-ஆம் மாதம் எடுத்திருந்தால் இன்னும் 20 தவணை பாக்கி. அதாவது 4 லட்சம். நீங்கள் கையெழுத்துப் போடுவது அந்த 4 லட்சத்துக்கு. நடுவில் கட்டாமல் விட்டால் மாதா மாதம் ஏலத்தில் வருகிற தள்ளுபடிப் பங்கும் பெரும்பாலும் கிடைக்காது, தாமத வட்டியும் ஏறும். “சும்மா ஒரு கையெழுத்துதான்” என்று அவர் சொல்லியிருந்தால் அது அவருக்கே தெரியாமல் சொன்னது. பெரும்பாலானவர்கள் அப்படித்தான், மோசம் செய்யும் எண்ணத்தோடு யாரும் வந்து கேட்பதில்லை.

நீதிமொழிகள் 22:26, 27 இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பிணைப்படுகிறவர்களில் ஒருவனாகாதே என்று சொல்லிவிட்டு, செலுத்த உன்னிடம் ஒன்றும் இல்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொண்டு போவானே என்று காரணம் சொல்கிறது. ஆகவே அந்த வசனம் உங்களிடம் கேட்கிற கேள்வி இதுதான்: அவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்ட முடியுமா?

ஜூன் 1, ஞாயிறு மாலை

இன்று கோயிலில் உட்கார்ந்திருந்தபோதும் இதே நினைப்புதான். 17-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தேன். 17-ஆம் வசனம் நாம் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வது: “சிநேகிதன் எல்லாக்காலத்திலும் சிநேகிப்பான், இடுக்கணில் உதவவே சகோதரன் பிறந்திருக்கிறான்.” அதற்கு அடுத்த வசனமே, புத்தியீனன்தான் சிநேகிதனுக்கு முன்பாகக் கையடித்துக் கொடுத்துப் பிணைப்படுகிறான் என்கிறது. முதல் வசனம் அட்டையில் அச்சாகி வீட்டுச் சுவரில் தொங்குகிறது. இரண்டாவதை யாரும் அச்சடித்துப் பார்த்ததில்லை. ஆனால் தொகுத்தவர் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார். இடுக்கணில் உதவு என்ற அதே மூச்சில், பிணைப்படுவதை அந்த உதவியாக நினைத்துக்கொள்ளாதே என்றும் சொல்கிறார்.

வங்கியில் நான் பார்த்ததையும் சொல்லவேண்டும். கடன் வாங்குகிறவர் பத்திரத்தை ஓரளவு படிப்பார், வட்டி எவ்வளவு என்று இரண்டு தடவை கேட்பார். ஜாமீன்தாரர் படிக்கவே மாட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கி வந்திருப்பார், கண் கடிகாரத்தில் இருக்கும். “எங்கே சார் போடணும்?” என்பார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், அடித்தல் திருத்தல் இருந்தால் அதன் ஓரத்திலும், ஒட்டிய புகைப்படத்தின் மேல் பாதியும் காகிதத்தில் பாதியும் விழுகிற மாதிரியும் போடச் சொல்வோம். மளமளவென்று போட்டுக்கொண்டே போவார். “இவர் கட்டவில்லை என்றால் உங்களிடம்தான் கேட்போம், தெரியுமா?” என்று நான் சொன்னால், பக்கத்தில் நிற்கிற கடன்காரரைப் பார்த்துச் சிரிப்பார். நண்பர் முன்னால் வேறு என்ன செய்ய முடியும்? பிற்பாடு அதே ஆள் நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக வருவார். அப்போது மட்டும் முழுவதையும் படித்திருப்பார்.

ஜூன் 2

ஒருவர் எழுதியிருக்கிறார்: “இயேசுவே நமக்குப் பிணையாளியானார் என்று எபிரெயர் 7:22 சொல்கிறதே. அவர் நமக்காகச் செய்ததை நாம் பிறருக்குச் செய்யக்கூடாதா?”

நல்ல கேள்வி. வேதத்தில் பிணையாக நின்ற ஆட்களைப் பார்ப்போம். ஆதியாகமம் 43-இல் தம்பி பென்யமீனுக்காக யூதா தகப்பனிடம் பொறுப்பேற்கிறான். அடுத்த அதிகாரத்தில் பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரம் அகப்பட்டதும், பையனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்னே வருகிறான். பிலேமோனுக்கு எழுதுகிற பவுல், உம் அடிமை ஒநேசிமு உம்மிடத்தில் கடன்பட்டது ஏதாவது இருந்தால் என் கணக்கில் வைத்துக்கொள்ளும் என்று சொல்லி, என் சொந்தக் கையினாலே எழுதினேன், நான் செலுத்தித் தீர்ப்பேன் என்கிறார். தெசலோனிக்கேயாவில் பவுலுக்கு வீட்டில் இடம் கொடுத்த யாசோன் ஜாமீன் கொடுத்துத்தான் வெளியே வருகிறான் (அப்போஸ்தலர் 17). ஆண்டவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், செலுத்த வந்தவர், செலுத்தியே முடித்தார்.

இவர்களில் ஒருவர்கூட, “எப்படியும் அவர் கட்டிவிடுவார், நமக்கு வராது” என்ற நம்பிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. தாங்கள்தான் கொடுக்கப்போகிறோம் என்று தெரிந்து நின்றார்கள். பவுலிடமும் யூதாவிடமும் யாரும் கோயில் வாசலில் வைத்துக் கேட்கவும் இல்லை, அவர்களாகவே முன்வந்தார்கள். அந்த மனதோடு போடுவதானால் போடுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். 4 லட்சத்தை அந்த அக்காவுக்காக இழக்க நானும் என் வீட்டுக்காரரும் தயார் என்று இரண்டு பேரும் ஜெபித்து முடிவெடுத்தால், அது அன்பின் செயல். வெட்கத்தால் போடுகிற கையெழுத்தை அந்தக் கணக்கில் சேர்க்கமுடியாது.

ஜூன் 4

சட்டம் பற்றிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் பிரிவு 128-ஐப் பாருங்கள். கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு, பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய. “முதலில் அவரிடம் கேளுங்கள், அவருடைய சொத்தை விற்றுப் பாருங்கள், பற்றாக்குறைக்கு என்னிடம் வாருங்கள்” என்று பலர் வாதாடுவார்கள். அந்த வாதம் நிற்காது. பீகார் வங்கி எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் 1960-களின் கடைசியிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஜாமீன்தாரரிடம் வருவதற்கு முன் கடன்காரரைத் துரத்தி முடிக்கவேண்டிய கட்டாயம் கடன் கொடுத்தவருக்குக் கிடையாது. சம்பளம் வாங்குகிறவர் கையில் கிடைக்கும்போது, தொழில் நொடித்தவரைத் தேடி யார் அலைவார்கள்?

வங்கிக் கடனுக்கு ஜாமீன் நின்றால் அது உங்கள் சிபில் அறிக்கையிலும், அதாவது உங்கள் கடன் வரலாற்றிலும் வரும். நாளைக்கு நீங்களே வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது அதையும் எடுத்துவைத்துப் பேசுவார்கள்.

இரண்டு பேர் ஜாமீன் போட்டால் பாதி பாதிதானே என்று கேட்டவருக்கு: அந்தப் பாதி உங்கள் இருவருக்குள்தான். கொடுத்தவர் முழுவதையும் ஒருவரிடமே கேட்கலாம். கட்டியவர் பிறகு மற்றவரிடம் பங்கு கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜூன் 4, இரவு

படுக்கையை எடுத்துக்கொண்டு போவதெல்லாம் அந்தக் காலம் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். உண்மைதான், ஆனால் ஏன் அந்தக் காலம் என்று பாருங்கள் தம்பி. 1908-ஆம் வருட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, ஜப்தி செய்யக்கூடாதவை என்று ஒரு பட்டியல் தருகிறது. கடன்பட்டவர், மனைவி, பிள்ளைகள் உடுத்தத் தேவையான துணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை, சமய வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை. அப்புறம் கைத்தொழில்காரரின் கருவிகள். இனி உபாகமம் 24-ஐ எடுங்கள். திரிகைக் கல்லை அடகாக வாங்காதே, அது ஒருவனுடைய ஜீவனை அடகு வாங்குவதாகும். ஏழை அடகு வைத்த வஸ்திரத்தைப் பொழுதுபோகும்போது திருப்பிக் கொடு, அவன் போர்த்திக்கொண்டு படுக்கட்டும். கடன் கொடுத்தவன் அடகு வாங்க வீட்டுக்குள்ளே போகக்கூடாது, வெளியே நிற்கவேண்டும். நான் வேலையில் சேர்ந்த புதிதில் 60-ஆம் பிரிவைப் படித்துவிட்டு உபாகமம் படித்த இரவு இன்னும் நினைவிருக்கிறது, சிலிர்த்துவிட்டது.

சம்பளத்துக்கும் வரம்பு உண்டு. நீதிமன்றத் தீர்ப்பின்படி பிடித்தால் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் கைவைக்க முடியாதவை. ஆசிரியர் கூட்டுறவுக் கடன் சங்கத்துக் கடனில் மட்டும் விஷயம் வேறு. சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதம் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்திருப்பீர்கள்.

இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. அப்பா சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டு ஊரில் வாத்தியார். உடன் வேலை பார்த்த ஒருவருக்குச் சங்கத்தில் ஜாமீன் போட்டார். அவர் வேலையை விட்டுவிட்டு பம்பாய் போய்விட்டார். மாதா மாதம் அப்பா சம்பளத்தில் பிடித்தம். அம்மாவுக்கு வாங்குவதாக இருந்த தையல் மிஷின் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் வாங்கவே இல்லை. இரவு குடும்ப ஜெபத்தில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல” என்ற இடத்தில் அப்பாவின் குரல் தணியும், அம்மாவின் குரல் மட்டும் கேட்கும். அப்புறம் அப்பாவும் சேர்ந்துகொள்வார். அந்த மனிதர் சில வருடம் கழித்து ஊருக்கு வந்தபோது அப்பா அவரைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். பணம் திரும்பவில்லை.

அப்பா மன்னித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மன்னிப்புக்கு விலை கொடுத்தவர் அம்மா. அந்தக் கையெழுத்துக்கு முன் அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுங்கள் என்று ஜூன் 2-இல் எழுதினேன்.

ஜூன் 8, பெந்தெகொஸ்தே ஞாயிறு

இன்றைக்கு அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரம் வாசித்தார்கள். விசுவாசிகள் சகலத்தையும் பொதுவாக வைத்து அனுபவித்தார்கள், அவனவனுக்குத் தேவையானதற்குத்தக்கதாகப் பகிர்ந்துகொடுத்தார்கள். அதைக் கேட்டதும் என் வேலையின் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. கேள்வியை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைபைசன் என்று ஓர் ஊர்த்தலைவர், ஆழ்ந்த புரொட்டஸ்டன்ட் விசுவாசி. வட்டிக்காரர்களிடம் மாட்டையும் நிலத்தையும் இழக்கிற குடியானவர்களைப் பார்த்து 1864-இல் ஹெட்டெஸ்டார்ப் என்ற ஊரில் ஒரு கடன் சங்கம் தொடங்கினார். அவருடைய முறையில் உறுப்பினர் எல்லாரும் எல்லாருடைய கடனுக்கும் பொறுப்பு. அதாவது ஊரே ஊருக்கு ஜாமீன். சென்னை மாகாணத்தில் பிரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி 1890-களில் விவசாயக் கடன் பற்றி ஆராய்ந்து பெரிய அறிக்கை எழுதியபோது, ரைபைசனைப் போல் ஓர் ஆளைத் தேடுங்கள் என்பதே அவர் கண்ட வழியாக இருந்தது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது, அந்த வருடமே திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் சங்கம் பதிவானது. நம் பாளையங்கோட்டையிலேயே அதற்கு வெகுகாலம் முன், 1830-இல், மிஷனரி ரேனியஸ் ஐயர் தர்ம சங்கம் ஏற்படுத்தியிருந்தார். புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்கள் நிம்மதியாகக் குடியிருக்க நிலம் வாங்கிக் கொடுப்பதற்கான பொது நிதி அது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இவர்கள் யாரும் தனியொரு ஆசிரியையின் தலையில் பாரத்தைக் கட்டவில்லை. எல்லாரும் சேர்ந்து சுமந்தார்கள், கணக்கு எழுதி வைத்தார்கள். கலாத்தியர் 6-இல் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து என்று 2-ஆம் வசனமும், அவனவன் தன் தன் பாரத்தைச் சுமப்பானே என்று 5-ஆம் வசனமும் சொல்வது எனக்கு இந்தச் சங்கங்களை நினைத்தால்தான் நன்றாக விளங்குகிறது. நம் சேகரத்துச் சபைகளில் அசனம் என்கிற கோயில் விருந்துக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு என்று எழுதி, தலைக்கட்டு வாரியாகப் பிரித்து, ஒரு குறையும் இல்லாமல் ஊருக்கே சோறு போடுகிறோம். ஒரு குடும்பத்தின் கல்லூரிக் கட்டணத்துக்கு அதே மாதிரி பத்து வீடு சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் போட முடியாதா? நம்மால் நிச்சயம் முடியும், யாராவது எழுந்து பேசவேண்டும்.

ஜூன் 9

எப்படி “இல்லை” என்று சொல்வது? இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள்.

ஆராதனை முடிந்த கூட்டத்தில் பதில் சொல்லாதீர்கள். அக்காவின் வீட்டுக்குப் போங்கள். பொய்க் காரணம் வேண்டாம். “ஏற்கெனவே ஒருவருக்குப் போட்டிருக்கிறேன்”, “எச்.எம். சான்றிதழ் தரமாட்டார்” என்றெல்லாம் சொன்னால் அடுத்த வாரமே வெளுத்துவிடும், ஒரே வரிசையில் நின்று பாடவும் முடியாது. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்றாரே ஆண்டவர். “அக்கா, ஜாமீன் போடுவதில்லை என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருக்கிறோம். உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. எதற்குப் பணம் வேண்டும் என்று சொல்லுங்கள், எங்களால் முடிந்ததைப் பார்க்கிறோம்.” இவ்வளவு போதும்.

சபைப் போதகர்களான ஐயர்மாருக்கும் ஒரு விண்ணப்பம். தயவுசெய்து இதில் சிபாரிசுக்குப் போகாதீர்கள். ஐயர் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். தவணை நின்றுபோனால் இரண்டு குடும்பமும் கோயிலுக்கு வருவதை விட்டுவிடுகிறது. இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 12

கேள்வி கேட்ட ஆசிரியை எழுதியிருக்கிறார், மனதுக்கு நிறைவாக இருந்தது. வீட்டுக்காரரோடு அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, அதற்காகத்தான் சீட்டை ஏலத்தில் தள்ளுபடிக்கு எடுத்தாராம். கல்விக் கடன் கேட்டால் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள் என்று யாரோ சொல்ல, வங்கிப் பக்கமே போகவில்லை.

7.5 லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து அடமானமோ வெளியாள் ஜாமீனோ வாங்காமல் கொடுக்கவே கடன் உத்தரவாத நிதி ஏற்பாடு 2015 முதல் இருக்கிறது. பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடவேண்டும், அவ்வளவுதான். கல்லூரியின் அங்கீகாரத்தை முதலில் பாருங்கள். சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், மதிப்பெண் சான்று, வருமானச் சான்று எடுத்துக்கொண்டு போங்கள். வாய்மொழியாக “இல்லை” என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். இதற்கு ஆசிரியை கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறார். வங்கியில் படிவம் நிரப்பக் கூட உட்காருகிற ஒருவர் எவ்வளவு பெரிய துணை என்று எனக்குத் தெரியும். முதல் தவணைக் கட்டணத்துக்கு ஒரு தொகையைக் கடனாக இல்லாமல் அப்படியே கொடுக்கிறார்களாம். எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இத்தனை நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு பக்கம் பாரம் அதிகமாகிவிட்டதோ என்று தோன்றுகிறது. இதைப் படித்துவிட்டு யாராவது, “வேதமே வேண்டாம் என்கிறது” என்று கதவைச் சாத்திவிட்டால் நான் எழுதியதால் பயன் இல்லை.

நீதிமொழிகள் 3:27, 28 சொல்வது: செய்யத் திராணியிருக்கும்போது செய்யாமல் இராதே, பொருள் இருக்கையில், போய்த் திரும்பவா, நாளைக்குத் தருவேன் என்று சொல்லாதே. பிணைப்படாதே என்ற அதே புத்தகம்தான் இதையும் சொல்கிறது. “யோசித்துச் சொல்கிறேன்” என்பதை மாதக்கணக்கில் இழுக்கக்கூடாது. சீட்டு எடுத்தவருக்குக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். உபாகமம் 15 இன்னும் கடுமை. கடன்களை விட்டுவிடவேண்டிய விடுதலை வருஷம் நெருங்குகிறது, கொடுத்தால் திரும்பாது என்று கணக்குப் போட்டு ஏழைச் சகோதரனிடம் கண்ணைத் திருப்பிக்கொண்டால், அவன் கர்த்தரை நோக்கி முறையிடுவான், அது உனக்குப் பாவமாகும் என்கிறது. நான் ஓய்வூதியம் வாங்குகிறவன். போடாதே என்று சொல்வது எனக்கு எளிது. நுண்கடன் குழுவில் வாரத் தவணை கட்டுகிற பெண்களிடம் போய் “பிணைப்படாதீர்கள்” என்று நான் எப்படிச் சொல்வேன்? ஒருத்திக்கு ஒருத்தி நின்றால்தான் அவர்களுக்குக் கடனே கிடைக்கும். அவர்கள் பிலேமோனுக்கு எழுதிய பவுலுக்குத்தான் அருகில் இருக்கிறார்கள், அடுத்தவள் தவணை தவறினால் தன் கைக்காசைப் போடவேண்டும் என்று தெரிந்தே உட்காருகிறார்கள்.

ஆகவே மே 31-இல் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுக்கிறவர் வேறு ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும். பணம், நேரம், கூட வந்து நிற்பது, எதுவானாலும். “சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்” என்று வெறுங்கையோடு அனுப்புகிறவனைப் பற்றி யாக்கோபு 2-ஆம் அதிகாரம் என்ன சொல்கிறது என்று நமக்குத் தெரியும்.

ஜூன் 16

ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கு. நீதிமொழிகள் 6:1–5 உங்களுக்காகவே எழுதியது. கண்ணுக்கு நித்திரை வரவிடாமல், இன்றைக்கே போய், உன்னைத் தாழ்த்தி, சிநேகிதனை வருந்திக் கேட்டுக்கொள் என்கிறது. கோபித்துக்கொள் என்று சொல்லவில்லை. போய்ப் பேசுங்கள், தவணை ஒழுங்காகப் போகிறதா என்று ரசீதைப் பாருங்கள். பத்திரத்தின் நகலையும் கணக்கு விவரத்தையும் கொடுத்தவரிடம் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தவணை தவறும்போதே தெரிந்துகொண்டால் சமாளிக்கலாம், பத்து தவறியபின் வட்டியே மலைக்க வைக்கும். மறுபடி மறுபடி கடன் வாங்குகிற தொடர் கணக்குக்கு ஜாமீன் நின்றிருந்தால், இனி வாங்கும் கடனுக்கு நான் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்து நிறுத்தலாம். ஏற்கெனவே வாங்கியதிலிருந்து அப்படி விலக முடியாது. நீங்கள் கட்ட நேர்ந்தால் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வையுங்கள், கட்டியதைக் கடன்காரரிடம் திரும்பக் கேட்கச் சட்டம் உரிமை தருகிறது. அந்த உரிமையைப் பயன்படுத்துவதா, விட்டுவிடுவதா என்பது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது. இரண்டையும் செய்த நல்ல விசுவாசிகளை எனக்குத் தெரியும்.

ஜூன் 16, இரவு

கணவர் இறந்தபின் அவர் போட்ட ஜாமீனுக்காக நோட்டீஸ் வந்திருப்பதாக ஒரு அக்கா கேட்டிருக்கிறார். பயப்படாதீர்கள். அவர் விட்டுச்சென்ற சொத்தில் உங்களுக்கு வந்த அளவுக்குத்தான் அந்தக் கடன் உங்களைத் தொடும். உங்கள் சொந்தச் சம்பளம், நீங்கள் சம்பாதித்த நகை, இவற்றின்மேல் வராது. நீங்களும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். நோட்டீஸை மூடி வைக்காமல், கெடுவுக்குள் பதில் அனுப்ப வக்கீல் ஒருவரைப் பாருங்கள். செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, பெண்களுக்கு அங்கே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். நோட்டீஸையும் இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.